ஊரின் பெயர்

நாம் வாழும் இச்சிறு டெனிஷ் நகரின் நகரசபைக் கட்டடத்தின் முன்னே வழிகாட்டித் தூணொன்று நிற்கின்றது. சுவீடன், நோர்வே, பின்லாந்து நாடுகளிலுள்ள நட்பு நகரங்களின் பெயர்களும் தூரங்களும் அதிற் பொறிக்கப்பட்டுள்ளன. சென்ற மாரியில் வகுப்பு முடிந்து அவ்விடத்திற் பேருந்துக்குக் காத்துநிற்கையில், எமது மாணவியொருத்தி, "சேர், உங்கட ஊருக்கு வென்ஸ்கப்ஸ்பி எது?" என வினவினாள். நட்பு நகரத்தை இந்நாட்டார் அவ்வாறே அழைப்பர்.

"ஒன்றுமில்லைப் பிள்ளை" என்றோம்.

ஊரின் பெயரைத்தானும் அவளுக்குக் கூறவில்லை என்பது வீடு வந்த பின்னரே எமக்கு உறைத்தது. 2006ஆம் ஆண்டு சம்பூரை விட்டு இடம்பெயரும்வரை அங்கே சரித்திரம் படிப்பித்தவர் நாம். அதன்பின் அப்பெயரை அகதி விண்ணப்பப் படிவங்களில் எழுதினோமேயன்றி, எவரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

அடுத்த சனிக்கிழமை இலக்கணப் பாடத்தை ஒத்திவைத்தோம். (பெற்றோர் பொறுத்தருள்க!)

முதலில் இங்கிலாந்தின் பாத் நகரைப் பற்றிக் கூறினோம். எமது கன்னியாவைப் போன்று வெந்நீரூற்றுள்ள ஊர். உரோமர் குளியல் மண்டபம் கட்டிய இடம். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், ஒல்லாந்தின் அல்க்மார் நகரத்தவரான ஏலி பிரின்ஸ் என்பார் அங்கே புகலிடம் பெற்றிருந்தார். போரால் நலிந்த தம்மூரவர்க்கு உதவவென அவர் பாத் மக்களிடம் நிதி திரட்டினார். அதிலிருந்தே அவ்விரு நகரங்களின் நட்பு தோன்றிற்று. ஓர் ஏதிலி தொடக்கிவைத்த உறவு அது! தமிழர் பலர் வாழும் இலண்டன் கிங்ஸ்ரன் நகரம் 2016இல் யாழ்ப்பாணத்துடன் நட்புறவு பூண்டதையும் கூறினோம்.

"டென்மார்க்கோட ஒன்றும் இல்லையா?" என்றான் ஒரு சிறுவன்.

உண்டு. ஆயின் அது மிளகு நாடி வந்த உறவு. 1620இல் ஓவே கெட்டே என்னும் டெனிஷ் தளபதி, இருபத்தைந்து வயது இளைஞர், கப்பல்களுடன் இலங்கை வந்தார். கண்டி மன்னருடன் உடன்படிக்கை செய்தார். திருகோணமலையிற் கோட்டை கட்டும் வேலையும் தொடங்கிற்று, அது நிலைக்கவில்லை. தரங்கம்பாடிக் கோட்டையே நிலைத்தது. 1845இல் ஆங்கிலேயருக்கு விற்கப்படும்வரை தரங்கம்பாடி டென்மார்க்கின் வசமிருந்தது. தஞ்சை மன்னர் இரகுநாத நாயக்கர் டென்மார்க் மன்னருக்குப் பொன்னேட்டில் வரைந்த தமிழ்த் திருமுகம் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இன்றும் உள்ளது. இந்நாட்டுக்குத் தமிழ் எம்மோடு வந்ததன்று என்றபோது பிள்ளைகள் நிமிர்ந்து அமர்ந்தனர்.

"திருகோணமலையில் சேரின்ர ஊர் எது?" அதே மாணவிதான்.

கரும்பலகையில் 'சம்பூர்' என எழுதினோம். கொட்டியாரக்குடாவின் கரையில் உள்ளது என்றோம். 2015 முதல் சனங்கள் திரும்பிச் சென்று குடியிருக்கின்றனர் என்றோம்.

அவள் தன் கொப்பியில் அப்பெயரை எழுதினாள். எதிரே இந்நகரின் பெயரை எழுதி, இடையே கோடிழுத்தாள். தூரம் எவ்வளவு என்று கேட்டாள். உலகப் படத்தை மேசையில் விரித்து, அடிமட்டம் வைத்து இருவருமாக அளந்தோம். ஏறத்தாழ 8,000 கிலோமீற்றர் வந்தது. அதனையும் கோட்டின்மேல் எழுதிக்கொண்டாள்.