கதவைத் திறக்கும் முன்

என் அப்பா முப்பத்தோரு ஆண்டுகள் செம்பனை ஆலையில் வேலை செய்தார். பழம் அவிக்கும் பகுதி. குலைகளை ஏற்றிய இரும்புக் கூண்டுகள் தண்டவாளத்தில் உருண்டு வந்து, நீளமான ஓர் உருளைக் கலனுக்குள் போகும். கதவை மூடி நீராவியைத் திறந்துவிட்டால் ஒரு மணி நேரத்துக்கு மேல் உள்ளே வேகும. பிறகு நீராவியை வெளியேற்றிவிட்டுக் கதவைத் திறக்க வேண்டும்.

அழுத்தமானி பூஜ்யத்தைக் காட்டினாலும் அப்பா உடனே திறக்கமாட்டார். கதவுக்குக் கீழே இருக்கும் சின்னக் குழாயைத் திறந்து, அதிலிருந்து கடைசிச் சீறல் அடங்கும்வரை பக்கவாட்டில் ஒதுங்கி நிற்பார். "கேஜு ஜீரோதான் காட்டும்மா. கேஜுக்கு என்ன, சாயங்காலம் வீட்டுக்குப் போகணுமா, புள்ளைங்கள பாக்கணுமா?" என்பார்.

பொறியியல் படித்த பிறகுதான் அதைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கலனுக்குள் 3 பார் அழுத்தம். ஏறக்குறைய நம் காடி டயரில் இருப்பதைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். ஆனால் கதவின் விட்டம் 2 மீட்டர் என்றால், அதன்மேல் உள்ளிருந்து தள்ளும் விசை சுமார் 95 டன். எல்லாம் வெளியேறிவிட்டது என்று நினைக்கும்போது 0.1 பார் மிஞ்சியிருந்தாலும் 3 டன்னுக்கு மேல். பெரிய அளவு காட்டும் மானியில் அந்த 0.1 கண்ணுக்கே தெரியாது.

அப்பாவின் கூட்டாளி ஒருவருக்கு அது தெரியாமல் போனது. நான் ஆறாம் வகுப்பில் இருந்தேன். அவர் மூன்று மாதம் மருத்துவமனையில் இருந்தார். அதன்பின் வேலைக்குத் திரும்பவில்லை. அந்தச் சம்பவத்துக்கு அடுத்த வாரம்தான், கதவருகே சிவப்புச் சாயத்தில் ஒரு பலகை வந்தது: முதலில் கீழ்க்குழாயைத் திற, பிறகு கதவைத் திற. நான் பார்த்த முதல் பாதுகாப்புத் தரநிலை அதுதான். யாருடைய உடம்பைக் கொண்டு அது எழுதப்பட்டது என்பதும் எங்கள் லயத்தில் எல்லாருக்கும் தெரியும்.

இப்போது என் தொழில் அழுத்தக் கலன்களைப் பரிசோதிப்பது. கூடவே, ஹைட்ரஜன் சேமிப்புக் கலன்களுக்கான தரநிலை வரைவைப் பார்க்கும் ஒரு பணிக்குழுவிலும் இருக்கிறேன். சம்பளம் இல்லாத வேலை. மாதம் ஒரு கூட்டம், ஐம்பது பக்கம் வாசிப்பு, பிஸ்கட். 'செய்ய வேண்டும்' என்று எழுதுவதா, 'செய்வது நல்லது' என்று எழுதுவதா என இரண்டு மணி நேரம் வாதாடுவோம். வீட்டில் சொன்னால் சிரிக்கிறார்கள். முதல் சொல்லை எழுதினால் நிறுவனம் பணம் செலவழித்தே ஆக வேண்டும். இரண்டாவதை எழுதினால் செலவழிக்காது. வாதம் அதற்குத்தான்.

ஹைட்ரஜனுக்கு ஏன் தனியாகக் கவலை என்று உறவினர்கள் கேட்பதுண்டு. வீட்டில் கேஸ் தோம்பு இல்லையா என்பார்கள். சமையல் எரிவாயு கசிந்தால் மூக்குக்குத் தெரியும். அதற்காகவே அதில் நாற்றப்பொருள் கலக்கிறார்கள். பேருந்துக்கும் காருக்கும் போகும் ஹைட்ரஜனில் அப்படிக் கலக்க முடியாது, கந்தகம் சேர்ந்த அந்தப் பொருள் எரிபொருள் கலத்தையே கெடுத்துவிடும். ஹைட்ரஜனுக்கு நிறமில்லை, மணமில்லை. எரிந்தால் பகல் வெளிச்சத்தில் தீ கூட சரியாகத் தெரியாது. காற்றில் 4 விழுக்காட்டிலிருந்து 75 விழுக்காடு வரை கலந்திருந்தால் பற்றிக்கொள்ளும். காரில் அதை 700 பார் அழுத்தத்தில் அடைக்கிறார்கள். அப்பாவின் கலனோடு ஒப்பிட்டால் இருநூறு மடங்குக்கும் மேல்.

போதாததற்கு, அது எஃகுக்குள்ளேயே நுழையும். அதன் அணு அவ்வளவு சிறியது. சூட்டில் எஃகிலுள்ள கரியோடு சேர்ந்து மீத்தேனாக மாறும். மீத்தேன் பெரியது, வந்த வழியே வெளியேற முடியாது. உள்ளேயே அழுத்தம் ஏறி, வெளியே பளபளப்பாக இருக்கும் எஃகு உள்ளுக்குள் விரிசல் விடும். எந்தச் சூட்டில், எந்த அழுத்தத்தில் இது நடக்கும் என்பதற்கு 1949இல் ஜார்ஜ் நெல்சன் என்ற பொறியாளர் ஒரு வரைபடம் போட்டார். ஆய்வுக்கூடக் கணக்கல்ல அது. ஆலைகள் தாமாக முன்வந்து சொன்ன அனுபவங்களைப் புள்ளிகளாக வைத்து இழுத்த கோடு. கோட்டுக்குக் கீழே இருந்தால் பயமில்லை. உலகம் முழுவதும் சுத்திகரிப்பு ஆலைகள் அந்தக் கோட்டை நம்பின.

2010 ஏப்ரல் 2ஆம் தேதி, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் அனகோர்டிஸ் என்ற ஊரின் சுத்திகரிப்பு ஆலையில் ஒரு வெப்பப் பரிமாற்றி வெடித்து ஏழு பேர் இறந்தார்கள். உடைந்த பகுதி, பயமில்லை என்று கோடு சொன்ன நிலைமையில்தான் இயங்கியிருக்கிறது என்று விசாரணையில் தெரியவந்தது. கோடு 2016இல் திருத்தப்பட்டது. இதைப் படித்தபோது எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: யாரும் சொல்லாமல் விட்ட புள்ளிகள் அந்த வரைபடத்தில் எத்தனை இருந்திருக்கும்?

நானும் ஒரு புள்ளியைச் சொல்லாமல் விட்டவள்.

2018. செம்பனை எண்ணெயிலிருந்து கொழுப்புப் பொருள்கள் தயாரிக்கும் ஒரு தொழிற்சாலை. எண்ணெயைக் கெட்டியாக்க அவர்களுக்கு ஹைட்ரஜன் தேவை. புதிதாகப் பொருத்திய சேமிப்புக் கலனைப் பார்க்கப் போயிருந்தேன். மூடித் தட்டில் பன்னிரண்டு போல்ட். ஒவ்வொன்றையும் எந்த முறுக்குவிசையில் இறுக்கினார்கள் என்ற பதிவுத்தாள் என் கையில். பன்னிரண்டு எண்களும் ஒரே மூச்சில் எழுதியதுபோல் ஒரே சாய்வில் இருந்தன. எனக்கு என்னவோ உறுத்தியது. ஸ்பேனரை மறுபடி வைக்கச் சொன்னேன். அந்த ஸ்பேனர் சரியான விசை வந்ததும் 'டிக்' என்று ஒலிக்கும். அதற்குமுன் போல்ட் நகரக்கூடாது. இரண்டு போல்ட் நகர்ந்தன.

பொருத்தியவர் இருபத்து நான்கு வயதுத் தம்பி. குத்தகைத் தொழிலாளி. முகம் வெளுத்துப் போனது. "அக்கா, மேல சொல்லிடாதீங்க. பேரு அடிபட்டுச்சுன்னா அடுத்த வேலைக்குக் கூப்பிட மாட்டாங்க" என்றார். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்பதையும் சொன்னார். அன்றே பன்னிரண்டையும் அவிழ்த்து, என் கண்முன்னால் இறுக்கி, ஒவ்வொன்றுக்கும் குறுக்கே வெள்ளைக் கோடு போட்டோம். கசிவுச் சோதனையும் நடந்தது, எல்லாம் சரி. என் அறிக்கையில் 'திருப்திகரம்' என்று எழுதினேன். பொய் இல்லை. நான் கையெழுத்துப் போட்ட நேரத்தில் எல்லாம் திருப்திகரமாகத்தான் இருந்தது. நல்ல காரியம் செய்ததாகவே நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அடுத்த ஆண்டு மே மாதம் கூச்சிங்கில் ஹைட்ரஜன் தயாரிக்கும் ஆலையும் வண்டிகளுக்கு நிரப்பும் நிலையமும் திறக்கப்பட்டபோது எங்கள் தொழிலில் எல்லாருக்கும் உற்சாகம். இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. ஜூன் 10ஆம் தேதி, நார்வேயில் ஓஸ்லோவுக்குப் பக்கத்தில் சான்விகா என்ற இடத்தில் ஒரு ஹைட்ரஜன் நிலையம் வெடித்தது. விடுமுறை நாள். உயிர்ச்சேதம் இல்லை. பக்கத்துச் சாலையில் போன காரில் காற்றுப்பை வெடித்து விரிந்து இருவர் மருத்துவமனைக்குப் போனார்கள். அந்த மாதமே காரணமும் தெரிந்தது. உயர் அழுத்தக் கலன் ஒன்றின் அடைப்பானில், உள்வரிசை போல்ட்டுகளைச் சரியான விசையில் இறுக்கவில்லை. முதலில் சின்னக் கசிவு, பிறகு பெரிய கசிவு. அதுவரை வண்டிகளுக்கு ஒழுங்காக நிரப்பிக்கொண்டிருந்த நிலையம்தான்.

அந்த அறிக்கையை அலுவலகத்தில் நின்றுகொண்டே படித்தேன். உட்காரத் தோன்றவில்லை.

சென்ற ஆண்டு எங்கள் குழுவில் ஒரு பிரிவைச் சேர்க்க முன்மொழிந்தேன். ஹைட்ரஜன் கலனின் முக்கியமான போல்ட் இணைப்புகளை, இறுக்கியவர் அல்லாத இன்னொருவர் தனியாகச் சரிபார்த்துக் குறியிட வேண்டும். 'வேண்டும்', 'நல்லது' அல்ல. மேசையின் மறுபக்கம் இருந்தவர் நியாயமாகவே கேட்டார்: "நார்வேயில் நடந்தது ஒன்று. நம் நாட்டில் இப்படி நடந்ததாக ஏதாவது பதிவு உண்டா? ஒவ்வொரு இணைப்புக்கும் இன்னோர் ஆள் என்றால் செலவு யாருடையது?"

பதிவு இல்லை. ஏன் இல்லை என்பது அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். "அடுத்த கூட்டத்தில் சொல்கிறேன்" என்றேன்.

அந்த வார இறுதியில் அப்பாவிடம் முழுக் கதையையும் சொன்னேன். 'நீ செய்தது தப்பு' என்பார் என எதிர்பார்த்தேன். அவர் கேட்டது வேறு: "அந்தப் பையன் அன்னைக்கு எப்ப வேலைக்கு வந்தானாம்?" எனக்குத் தெரியவில்லை. கேட்கவே இல்லை. ஆறு வருடமாக என் மனத்தில் இருந்தது என் மௌனம் மட்டும்தான்.

தம்பியின் எண்ணைத் தேடிப் பிடித்தேன். இப்போது ஜோகூரில் இருக்கிறார், கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை. விஷயத்தைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"என் பேரு வருமா அக்கா?"

"வராது. கம்பெனி பேரும் வராது. ஆனா சம்பந்தப்பட்டவங்களுக்குப் புரியும்."

"அப்ப எழுதுங்க. ரெண்டு போல்ட்டுன்னு மட்டும் எழுதாதீங்க. அன்னைக்கு அது பதினாலாவது மணி நேரம். எங்கூட இன்னொருத்தர் இருக்கணும், லீவு. எட்டாவது போல்ட்டு வரைக்கும் எண்ணுனது ஞாபகம் இருக்கு. அதுக்கப்புறம் இல்ல. அதையும் எழுதுங்க."

இரண்டு பக்கம் எழுதினேன். என் பெயரைப் போட்டேன், 'திருப்திகரம்' என்று எழுதியது நான்தான் என்பதையும் போட்டேன். அந்தத் தொழிற்சாலைக்கும் முன்கூட்டியே ஒரு நகல் அனுப்பினேன். அவர்களிடமிருந்து பதில் வரவில்லை. இந்த ஆண்டு பரிசோதனைக்கு வேறொருவரை அழைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அது அவர்கள் உரிமை.

கூட்டத்தில் அதைப் படித்த பிறகு யாரும் உடனே பேசவில்லை. பிறகு இன்னொருவர், வயதில் மூத்தவர், தொண்டையைச் செருமிக்கொண்டு, "என்னிடமும் ஒன்று இருக்கிறது" என்றார். வால்வு பற்றியது. 2011இல் நடந்ததாம். அவருக்குப் பக்கத்தில் இருந்தவர் தன்னுடையதை எழுதித் தருவதாகச் சொன்னார்.

இன்னொருவர் சரிபார்க்கும் பிரிவு இப்போது வரைவில் இருக்கிறது, சதுர அடைப்புக்குறிக்குள். இன்னும் முடிவாகவில்லை என்பதற்கு அதுதான் அடையாளம். பதினான்கு மணி நேரம் பற்றிய வரி இந்த ஆவணத்தின் வரம்புக்குள் வராது என்று செயலாளர் குறித்துவைத்திருக்கிறார். தொழிலாளர் நேரம் வேறு சட்டமாம். அதை எந்தப் பிரிவுக்குள் எப்படி நுழைக்கலாம் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். அடுத்த கூட்டம் தீபாவளிக்குப் பிந்திய வாரம். தம்பிக்குத் தேதியைச் சொல்லியிருக்கிறேன்.