நேரு பிளேஸில் ஒரு சனிக்கிழமை

2023 தீபாவளிக்கு முந்தைய வாரம். டெல்லி நேரு பிளேஸில் ஒரு கடை. கண்ணாடி மேஜை மேல் இரண்டு மதர்போர்டுகள். ஒன்று பி650, விலை 17,000 ரூபாய். மற்றது எக்ஸ்670இ, 34,000. ஆர்.கே. புரத்திலிருந்து அப்பாவுடன் வந்திருந்த பொறியியல் மாணவனின் கண் இரண்டாவதை விட்டு நகரவில்லை. "ஓவர்க்ளாக்கிங் செய்வதென்றால் இதுதான்" என்று கடைக்காரர் வேறு இந்தியில் தூபம் போட்டார். கையில் இருந்ததோ அப்பா ஜி.பி.எஃப்.பில் எடுத்த 75,000.

கடைக்காரருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. வேலை கிடைத்து டெல்லிக்கு வந்த புதிதில், இதே நேரு பிளேஸில் செலரான் 300ஏ வாங்கியவர் அந்த அப்பா. 1998இல் வந்த 300 மெகாஹெர்ட்ஸ் பிராசசர் அது. பஸ் வேகத்தை 66இலிருந்து 100க்கு ஏற்றினால் 450இல் ஓடும். இன்டெல் 440பிஎக்ஸ் சிப்செட் உள்ள போர்டு இருந்தால் போதும். போர்டு பிடிவாதம் பிடித்தால் பிராசசரின் பி21 என்ற தொடுமுனையில் துண்டு டேப்பை ஒட்டி ஏமாற்றுவார்கள். ஒன்றரை மடங்கு வேகம், டேப் செலவில்! அந்தக் காலம் போய்விட்டது. மகன் தேர்ந்தெடுத்திருந்த ரைசன் 5 7600எக்ஸ் தானாகவே 5.3 கிகாஹெர்ட்ஸ் வரை ஏறிவிடும். அதற்கு மேல் கையால் கூட்டினால் கிடைப்பது சொற்பம்.

"அந்த 17,000 ரூபாய் வித்தியாசத்துல வேகத்தைக் கூட்டறது எதுடா?" என்றார் அப்பா. மகனிடம் பதில் இல்லை. பி650இல் உள்ள அதே சிப்பைத்தான் எக்ஸ்670இல் இரண்டாகக் கோத்திருக்கிறார்கள். யுஎஸ்பி, எஸ்எஸ்டி இணைப்புகள் அதிகம் கிடைக்கும். ஓவர்க்ளாக்கிங் அனுமதி இரண்டிலும் உண்டு. அதற்காக ஒரேயடியாக விலை இறங்கவும் கூடாது. ஏ620 போர்டில் பிராசசரை ஓவர்க்ளாக் செய்ய வழியே கிடையாது.

பார்க்க வேண்டிய இடம், பிராசசருக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் பகுதி. அது மிதமிஞ்சிச் சூடானால் பிராசசரின் வேகமும் குறைந்துவிடும். பி650இல் அதன் மேல் இருந்த உறையை அப்பா தட்டிப் பார்த்தார். கனமான அலுமினியம். வைஃபை? மோடம் மகனின் மேஜை மேலேயே இருக்கிறது. வானவில் விளக்குகள்? "கேபினெட்டை மூடின பிறகு யாருடா பார்க்கப் போறாங்க?" கேபினெட்டுக்குக் கண்ணாடிக் கதவு என்று மகன் முணுமுணுத்தது அவர் காதில் விழவில்லை, அல்லது விழாததுபோல் இருந்தார்.

பி650 வந்தது. மிஞ்சிய 17,000 கிராபிக்ஸ் கார்டுக்குப் போனது. அந்த வித்தியாசம் விளையாடும்போது கண்ணுக்கே தெரியும்.

அன்றிரவு 11 மணிக்கு மகன் பயாஸில் புகுந்து 5.5 என்று வைத்தான். திரை இருண்டது. மறுபடி எழவில்லை.

"34,000 ரூபாய் போர்டா இருந்தா இப்படி ஆகியிருக்குமா?"

"அதுலயும் ஆகும். வயரைப் பிடுங்கிட்டு, அந்த வட்டப் பேட்டரியைக் கழற்றி அஞ்சு நிமிஷம் கழிச்சுப் போடு."

போட்டான். திரை வந்தது. இந்த முறை 5.4 என்று வைத்தான். அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். அம்மா வந்து விளக்கை அணைக்கச் சொல்லும்போது மணி ஒன்றரை.