தாத்தா பார்த்த புகை

முதல் ஸ்மோக்கர் வாங்க மூன்று மாதம் யோசித்தேன். ஸ்கூடாயில் எங்களுடையது டெரஸ் வீடு. பக்கவாட்டில் நெருப்புப் பெட்டி வைத்த ஆஃப்செட் வகைக்குப் பின்னால் இடமில்லை. மின்சார வகையில் சூடு தானாக நிற்கும், ஆனால் நெருப்போடு பழக்கம் வராது. கடைசியில் கரியில் எரியும் புல்லட் வகையை எடுத்தேன். அடியில் கரி, நடுவில் தண்ணீர்ச் சட்டி, மேலே கோழி. 110 டிகிரியில் நிறுத்தினால் போதும். என்ஜினியருக்கு இது ஒரு வேலையா?

ரப்பர் கட்டையைப் போட்டதும் வெள்ளைப் புகை குபுகுபுவென்று கிளம்பியது. பெருமையாகத் தாத்தாவைக் கூப்பிட்டேன். தோட்டத்தில் ரப்பர் ஷீட்டைப் புகையில் காயவைக்கும் கொட்டகையில் இருபது வருஷம் நெருப்புப் பார்த்தவர். ஷீட் காய நாலு நாள் ஆகும். ராத்திரியிலும் அடுப்பு அணையக்கூடாது.

"காத்த அடைச்சு வச்சிருக்கியேய்யா. இந்தப் புகைல வெந்தா கறி கசக்கும். ஷீட்டுல தார் படிஞ்சாலும் அப்படித்தான், தரம் கொறைஞ்சிரும்."

கீழ்த் துவாரத்தைத் திறந்தேன். புகை மெலிந்து நீலமானது. அவர் இருமிக்கொண்டே உள்ளே போனார்.

கோழி அருமையாக வந்தது. தாத்தா தட்டைத் தொடவில்லை. "எனக்கு ரசஞ்சோறு போதும்யா. புகைய நிறைய தின்னாச்சு."

மறுவாரம் ஸ்மோக்கரை அவர் அறை ஜன்னலிலிருந்து தள்ளி வைத்தேன். மூன்று மாத யோசனையில் அந்த ஜன்னல் ஒருமுறைகூட வரவில்லை.