பத்து நாள் மிஷனரிகள்

அமெரிக்காவில் கல்லூரி படிக்கும் கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு மார்ச், ஏப்ரல் மாதங்களில் பரீட்சை பயத்தோடு சேர்ந்து இன்னொரு வேலையும் வரும். கடிதம் எழுதும் வேலை. அத்தை, சித்தப்பா, பழைய பள்ளி ஆசிரியர், ஞாயிற்றுக்கிழமை பக்கத்து பெஞ்சில் உட்காரும் பாட்டி என்று நாற்பது ஐம்பது பேருக்கு எழுத வேண்டும்.

ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். வயது 19. அவள் எழுதும் கடிதம் கிட்டத்தட்ட இப்படி இருக்கும்: இந்தக் கோடையில் எங்கள் குழு ஹோண்டுராஸ் போகிறது, அங்கே ஓர் ஏழைக் குடும்பத்துக்கு வீடு கட்டப் போகிறோம், எனக்காக ஜெபம் பண்ணுங்கள், முடிந்தால் பணமும் அனுப்புங்கள். கூடவே ஒரு போட்டோ, ஒரு வேத வசனம், பதில் அனுப்ப விலாசம் எழுதிய கவர். பாட்டி 25 டாலருக்கு செக் எழுதி அனுப்புவார். விமான டிக்கெட், சாப்பாடு, இன்சூரன்ஸ் என்று ஆளுக்கு இரண்டாயிரம் டாலரைத் தாண்டுவது சர்வ சாதாரணம். அந்த செக்குகள் எல்லாம் சேர்ந்துதான் அதைக் கட்டும்.

அப்புறம் நடப்பது பல வருடங்களாக மாறாத ஒரு சடங்கு. எல்லாருக்கும் ஒரே நிற டி-ஷர்ட். விமான நிலையத்தில் வட்டமாக நின்று கைகோர்த்து ஜெபம். போய்ச் சேர்ந்ததும் காலையில் செங்கல் சுமப்பது, மதியம் குழந்தைகளுக்கு வி.பி.எஸ். பாஷை தெரியாததால் வசனமே இல்லாத நாடகம், கூடவே கை தட்டிப் பாடும் பாட்டு. பெயிண்ட் அடிக்க ஒரு சுவர் எப்படியும் கிடைத்துவிடும். (ஒரே சுவருக்கு ஒவ்வொரு கோடையிலும் ஒவ்வொரு குழு பெயிண்ட் அடித்துவிட்டுப் போகும் என்பது போய் வந்தவர்களே சொல்லிச் சிரிக்கும் ஜோக்.) கடைசி நாளில் கடைத்தெரு, கடற்கரை. அன்று ராத்திரி எல்லாரும் உட்கார்ந்து மனம் திறந்து பேசுவார்கள். நிறைய பேர் அழுவார்கள். அந்த அழுகை பொய் இல்லை.

இதைக் கேலி செய்வது ரொம்ப சுலபம். ஆனால் 19 வயதில் கோடை விடுமுறையை வீடியோ கேமுக்குக் கொடுக்காமல் முன்பின் தெரியாத ஒரு ஊருக்குக் கொடுக்கிறார்கள் இல்லையா, அதை மறந்துவிட்டுச் சிரிப்பது நியாயமில்லை.

இந்தப் பழக்கம் ரொம்பப் பழையதும் இல்லை. 1957-ல் ஜார்ஜ் வெர்வர் என்ற கல்லூரி மாணவர் இரண்டு நண்பர்களோடு மெக்சிகோ போனார். அதிலிருந்து வளர்ந்ததுதான் ஆபரேஷன் மொபிலைசேஷன். 1960-ல் லோரன் கன்னிங்ஹாம் ‘யூத் வித் எ மிஷன்’ அமைப்பைத் தொடங்கினார். ஜெட் விமானமும் மலிவு டிக்கெட்டும் வந்ததும் கூட்டம் பெருகியது. 2005-ல் எடுத்த கணக்கெடுப்பை வைத்து, வருடத்துக்குச் சுமார் 16 லட்சம் அமெரிக்கத் திருச்சபையினர் இப்படி வெளிநாடு போய்வருவதாக சமூகவியலாளர் ராபர்ட் வுத்னோ மதிப்பிட்டார்.

சரி, ஹோண்டுராஸுக்கே வருவோம். 1998 அக்டோபர் கடைசியில் மிட்ச் புயல் அந்த நாட்டைப் புரட்டிப் போட்டது. ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள். அதற்குப் பிறகு வீடு கட்டித் தர வட அமெரிக்காவிலிருந்து குழு குழுவாக வந்தார்கள். கால்வின் கல்லூரியில் சமூகவியல் சொல்லிக் கொடுத்த கர்ட் வெர் பீக் அந்த நாட்டிலேயே பல வருடம் குடியிருந்தவர். அவர் போட்ட கணக்கு கொஞ்சம் வலிக்கும். உள்ளூர் அமைப்பு ஒரு வீட்டைச் சுமார் 2,000 டாலரில் கட்டிவிடும். அதே மாதிரி ஒரு வீட்டைக் கட்ட வரும் குழுவுக்குப் பயணத்தையும் சேர்த்து ஆகும் செலவு சுமார் 30,000 டாலர். வெளிநாட்டுக்காரர்கள் கட்டிய வீட்டில் இருப்பவர்களுக்கும், உள்ளூர்க்காரர்கள் கட்டிய வீட்டில் இருப்பவர்களுக்கும் வாழ்க்கையில் பெரிய வித்தியாசம் எதுவும் அவருக்குத் தெரியவில்லை. வந்து போனவர்களில் நிறைய பேர் ‘என் வாழ்க்கையே மாறிவிட்டது, இப்போது அதிகமாகக் கொடுக்கிறேன்’ என்றார்கள். நன்கொடைக் கணக்கைப் பார்த்தால் அந்த மாற்றம் பெரிதாகத் தட்டுப்படவில்லை.

‘அப்படியானால் 30,000 டாலரையும் அப்படியே அனுப்பினால் பதினைந்து வீடு’ என்று உடனே கால்குலேட்டரைத் தூக்கிவிடக் கூடாது. பாட்டி செக் கொடுத்தது ஹோண்டுராஸ் கொத்தனாருக்கா? பேத்தி மாதிரி கண் முன்னால் வளர்ந்த பெண்ணுக்குக் கொடுத்தார். கொத்தனார் கேட்டு எழுதியிருந்தால் கவரைக்கூடப் பிரித்திருக்க மாட்டார். ஆக, அந்தப் பணம் பயணம் இல்லாவிட்டால் வந்தே இருக்காது. இந்த வாதத்தை அவ்வளவு லேசில் தள்ள முடியாது.

ஆனால் சங்கடமும் சரியாக அங்கேதான் இருக்கிறது. கடிதம் கேட்டது வீட்டுக்கு. பாட்டி கொடுத்தது பெண்ணுக்கு. அந்தக் கொத்தனார் பத்து நாள் தன் வேலையை நிறுத்தி, கரண்டி பிடிக்கத் தெரியாத பன்னிரண்டு பேருக்குக் கரண்டி பிடிக்கச் சொல்லிக் கொடுத்தார். சபைப் பெண்கள் விடிகாலையில் எழுந்து அத்தனை பேருக்கும் பலேயாதா சுட்டார்கள். (கோதுமை ரொட்டிக்குள் பீன்ஸ் மசியல் வைத்து மடிப்பது. நம் சப்பாத்திக்கு ஒன்றுவிட்ட தம்பி!) அதாவது யார் யாருக்கு உதவினார்கள் என்பதே தலைகீழாகக் கிடக்கிறது.

இதை முகத்துக்கு நேரே சொன்னவர் ஒரு பாதிரியார்தான். மெக்சிகோவின் குவெர்னவாக்கா நகரில் இவான் இலிச் என்ற கத்தோலிக்க குரு ஒரு மையம் நடத்தி வந்தார். கோடையில் மெக்சிகோ கிராமங்களுக்குச் சேவை செய்யப் போகும் அமெரிக்க மாணவர்கள் 1968 ஏப்ரலில் அவரைப் பேசக் கூப்பிட்டார்கள். தட்டிக் கொடுப்பார் என்று நினைத்திருப்பார்கள் போல. அவரோ அவர்களுடைய நல்லெண்ணத்தையே போட்டுக் கிழித்துவிட்டார். பாருங்கள், மலையேறுங்கள், பூக்களை ரசியுங்கள், படியுங்கள், ஆனால் உதவி செய்ய மட்டும் வராதீர்கள் என்பதுதான் அவர் பேச்சின் சாரம். பாஷைகூடத் தெரியாத நீங்கள் செய்கிற உதவியைப் பற்றி அந்த ஜனங்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதே உங்களுக்குத் தெரியாதே என்றார்.

பாஷை என்றதும் இன்னொரு கோடைக்காலம் நினைவுக்கு வருகிறது. 1806 ஆகஸ்ட். மாசசூசெட்ஸில் உள்ள வில்லியம்ஸ் கல்லூரி மாணவர்கள் ஐந்து பேர் இடி மழைக்கு ஒரு வைக்கோல் போரில் ஒதுங்கினார்கள். அங்கே ஜெபம் செய்துகொண்டே, ஆசியாவுக்கு மிஷனரிகளை அனுப்ப வேண்டும் என்று பேசினார்கள். அந்தப் பேச்சிலிருந்துதான் 1810-ல் அமெரிக்க மிஷன் சங்கம் பிறந்தது. 1816-ல் அந்தச் சங்கத்தின் ஆட்கள் யாழ்ப்பாணத்தில் தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் வேலையைத் தொடங்கினார்கள். பின்னால் வந்து சேர்ந்த மிரன் வின்ஸ்லோ 40 வருடத்துக்கும் மேல் தமிழர்களோடு இருந்தார். 1862-ல் வெளிவந்த அவருடைய தமிழ்-ஆங்கில அகராதியில் 67,000 சொற்களுக்கு மேல் உண்டு.

அவர்கள் எல்லாம் மகான்கள் என்று சொல்ல வரவில்லை. சைவத்தை அவர்கள் மட்டம் தட்டியதும், ஆறுமுக நாவலர் திருப்பிக் கொடுத்ததும் யாழ்ப்பாணத்தில் எல்லாருக்கும் தெரிந்த கதை. ஆனால் திருப்பிக் கொடுக்க முடிந்தது, அதைக் கவனிக்க வேண்டும். தமிழில் எழுதினார்கள், தமிழில் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். பத்து நாள் வந்து, மொழிபெயர்ப்பாளர் மூலம் சிரித்துவிட்டுப் போகிறவரிடம் ‘தம்பி, இந்தச் சுவர் எங்களுக்கு வேண்டாம்’ என்று யார் சொல்வது? எப்படிச் சொல்வது? அடுத்த வருடக் குழு வராமல் போய்விட்டால்?

சபைகளுக்குள்ளேயே இந்தக் கேள்விகள் எழாமல் இல்லை. 2009-ல் வந்த ‘வென் ஹெல்ப்பிங் ஹர்ட்ஸ்’ புத்தகத்தை எழுதிய இருவருமே நல்ல கிறிஸ்தவர்கள்தான். கட்டிக் கொடுப்பதைக் குறைத்து, போய்க் கற்றுக்கொண்டு வருவதாகப் பயணத்தை மாற்றிய குழுக்களும் இருக்கின்றன. ஆனால் ‘கற்றுக்கொள்ளப் போகிறேன்’ என்று எழுதினால் செக் வருமா என்பதுதான் தெரியவில்லை.

அந்தப் பெண் ஆகஸ்டில் ஊர் திரும்பியதும் இன்னொரு கடிதம் எழுத வேண்டும். செக் அனுப்பிய எல்லாருக்கும் நன்றிக் கடிதம். அதில் வீட்டைப் பற்றி ஒரு வரிதான் இருக்கும். மற்றதெல்லாம் பலேயாதா சுட்ட அம்மாவைப் பற்றி, செங்கல் அடுக்கக் கற்றுக்கொடுத்த கொத்தனாரைப் பற்றி, கை நீட்டிக் கூட்டிப்போன குழந்தையைப் பற்றி. கொடுத்ததைவிட வாங்கியதுதான் அதிகம் என்று அவளே எழுதுவாள். பாட்டி அதை இரண்டு தடவை படித்துவிட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைப்பார். அடுத்த மார்ச்சில் பக்கத்து வீட்டுப் பையனிடமிருந்து ஒரு கவர் வரும். இந்தத் தடவை குவாத்தமாலா.