நினைவகம் தாங்குமா?

பிள்ளைகள் புதுக் கணினி கேட்டால் எத்தனை கிகாஹெர்ட்ஸ் என்றுதான் முதல் பேச்சு. நான் முதலில் கேட்பது வேறு: நினைவகம் தாங்குமா? 1999-இல் லாபு வட்டாரத் தோட்ட வீட்டில் நானே பூட்டிய கணினி கற்றுக்கொடுத்த கேள்வி இது.

அப்போது பொருளாதார நெருக்கடி. 1998 செப்டம்பரில் ஒரு டாலருக்கு 3.80 ரிங்கிட் என்று அரசாங்கம் கட்டிப்போட்டிருந்தது. டாலரில் விலை வைத்து வரும் கணினிச் சாமான் எல்லாம் எட்டாத உயரத்தில் இருந்தன. கையில் இருந்தது அம்மா கூட்டு கட்டி எடுத்த பணம். பாலிடெக்னிக்கில் படித்த தங்கைக்கு வரைபட மென்பொருள் ஓட வேண்டும். பெந்தியம் 2 வாங்க அந்தப் பணம் போதாது.

வழி காட்டியது இன்டெல்லின் மலிவான செலரான் 300ஏ. 66 மெகாஹெர்ட்ஸ் பாதையை நாலரையால் பெருக்கி 300-இல் ஓடும் சில்லு அது. பெருக்கு எண்ணை மாற்ற முடியாது. பாதையின் வேகத்தை மாற்றலாம். 100 ஆக்கினால் 450. பினாங்கில் 1972 முதல் இன்டெல் தொழிற்சாலை இருக்கிறது. ‘மலாய்’ என்று பொறித்த இந்தச் சில்லுகளை வெளிநாட்டு ஆர்வலர்களும் தேடி வாங்கினார்கள்.

பாதை வேகமானால் நினைவகமும் கூடவே ஓட வேண்டும். 100 மெகாஹெர்ட்ஸில் ஒரு துடிப்புக்குக் கிடைக்கும் நேரம் 10 நானோ வினாடி. சில்லின் முதுகில் 10 என்று பதித்திருந்தால் அதற்கு மூச்சுவிட இடமில்லை. 8 என்று இருந்தால் தாராளம். அந்நாளில் மேலே ‘பிசி100’ என்று ஸ்டிக்கர் இருக்கும், கீழே சில்லில் 10 இருக்கும். ஸ்டிக்கரை விட்டுவிட்டுச் சில்லைப் படித்து, 64 எம்பி பலகை ஒன்றை எடுத்தேன். விலை கொஞ்சம் கூடுதல்தான். செயலியில் மிச்சம் பிடித்ததை நினைவகத்தில் போட்டேன்.

தாய்ப்பலகைக்கு ஏபிட் பிஎச்6. கோலாலம்பூர் இம்பி பிளாசாவில் கிடைத்தது. வேகம், மின்னழுத்தம் இரண்டையும் பயாஸ் திரையிலேயே மாற்றலாம். 83 போதும், 100 வேண்டாம் என்றார் நண்பர். கேட்க நியாயமாகத் தோன்றும். ஆனால் 100-ஐ மூன்றால் வகுத்தால் வட்டு இணைந்திருக்கும் பாதைக்கு அதன் இயல்பான 33 கிடைக்கும். 83-ஐ இரண்டால்தான் வகுக்க முடியும். 41-க்கு மேல் போய், வட்டில் உள்ள கோப்புகள் கெடலாம். குறைந்த வேகம்தான் இங்கே ஆபத்து.

அம்மாவிடம் விளக்கினேன். பணம் அவருடையது, சில்லு கருகினால் உத்தரவாதமும் கிடையாது. கேட்டுவிட்டுச் சொன்னார்: “பால் மரத்துக்கு மருந்து பூசுற மாதிரிதானேய்யா? பூசினா பால் கூடும். அளவு மீறினா பட்டை காஞ்சிரும். மரத்தப் பாத்துப் பூசு.”

அதைவிடத் தெளிவாக எந்தக் கையேடும் எனக்குச் சொன்னதில்லை. தகரக் கூரைக்குக் கீழே பிற்பகல் வெக்கையில்தான் சோதித்தேன். இரவில் ஓடுவதை வைத்து நம்பக் கூடாது. பெரிய விசிறி ஒன்று கூடுதலாக வைத்து, மூன்று நாள் விடாமல் கணக்குப் போடவிட்டேன். பிழை வரவில்லை. அதன் பிறகுதான் தங்கையை உட்கார விட்டேன். படிப்பு முடியும்வரை அந்த 450 அவளைக் கைவிடவில்லை.

இன்று டிடிஆர்5 காலம். பெட்டியில் 6000 என்று போட்டிருக்கும் நினைவகம், பயாஸில் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போவை இயக்காவிட்டால் பெரும்பாலும் 4800-இலோ அதையொட்டியோதான் ஓடும். காசு கொடுத்த வேகம் பெட்டியிலேயே தூங்கும். இரண்டு பலகை வேண்டுமானால் ஒரே பெட்டியில் ஜோடியாக வருவதை வாங்குங்கள். இன்று ஒன்று, அடுத்த மாதம் ஒன்று என்று சேர்க்காதீர்கள். உங்கள் தாய்ப்பலகைக்குச் சரிபார்க்கப்பட்ட நினைவகப் பட்டியலைத் தயாரிப்பாளரே வெளியிடுகிறார்; அதைப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள். வண்ண விளக்குக்குக் கொடுக்கும் காசை நல்ல மின்வழங்கிக்குக் கொடுங்கள்.

வேகத்தைப் பிறகும் கூட்டிக்கொள்ளலாம். தாங்கும் சாமானை முதலில் வாங்குங்கள்.