பாரிஸில் ஒரு சனிக்கிழமை

சென்ற ஆண்டு ஆவணி மாதத்தில் நான் பாரிஸ் மாநகருக்குப் பிரயாணமானேன். ஐஃபல் கோபுரத்தைக் காணும் ஆவலினால் அன்று. அண்ணியின் கட்டளையினால் போனேன்.

"தம்பி, அவள் எங்கட சொல்லைக் கேக்கிறாளில்லை. நீங்கள் நாலு பிள்ளையளுக்குப் படிப்பிச்ச மனுசன். உங்கட சொல்லைக் கேப்பாள், ஒருக்கால் வந்திட்டுப் போங்கோ" என்று அவர் தொலைபேசியில் அழாக்குறையாகச் சொன்னார்.

விஷயம் இதுதான். பாரிஸிலேயே பிறந்து வளர்ந்த என் தமையனாரின் மகள், தன்னோடு சர்வகலாசாலையில் படித்த பிரெஞ்சு இளைஞன் ஒருவனை மணம் முடிக்க விரும்புகிறாள். "இது காதலுமில்லை, கத்தரிக்காயுமில்லை, இந்த ஊர் மோஸ்தர். சட்டை மாத்திற மாதிரி ஆளையும் மாத்துவினம்" என்பது அண்ணியின் கட்சி. தமையனாரோ வாயே திறக்கவில்லை. 1980களின் நடுப்பகுதியில் அகதியாக அந்நகரை அடைந்து, உணவகக் குசினியில் கோப்பை கழுவி, நாரிப்பிடிப்பு ஒன்றையே நிரந்தரச் சொத்தாகச் சம்பாதித்தவர் அவர். மின்தூக்கி இல்லாத பழைய கட்டடமொன்றின் நாலாம் மாடியில் அவர்களுடைய வீடு.

நான் போய்ச் சேர்ந்த வாரம், லா சப்பல் பகுதி விநாயகர் தேர்த் திருவிழாவுக்கு ஆயத்தமாகிக் கொண்டிருந்தது. 1985ஆம் ஆண்டு நிறுவப்பட்ட மாணிக்க விநாயகர் ஆலயத்தின் தேர், 1996ஆம் ஆண்டு முதல் அவ்வீதிகளில் உலா வருகிறது. கார் து நோர் புகையிரத நிலையத்துக்கு அணித்தாகச் செல்லும் ஃபோபூர் சென் தெனி வீதியில் இறங்கினால், புடைவைக் கடையும் நகைக் கடையும் பலசரக்குக் கடையும் தமிழ்ப் பலகை தாங்கி வரிசையாய் நிற்கின்றன. முருங்கைக்காயும் மாசிக் கருவாடும் மணக்கும் அவ்வீதியில் நின்றபோது, நான் யாழ்ப்பாணத்தை விட்டு வந்தேனா என்ற ஐயம் ஒரு கணம் எனக்கு எழுந்தது.

சனிக்கிழமை காலையில், "வாங்கோ சித்தப்பா, ஊர் காட்டுறன்" என்று மகள் அழைத்தாள். என் தூதுப்பணியை அவள் அறிந்திருந்தாள் என்பது அவளுடைய புன்னகையிலேயே தெரிந்தது.

நவநாகரிகத்தின் தலைநகர் என்று உலகம் போற்றும் நகரம் அது. 1858ஆம் ஆண்டு சார்ள்ஸ் வோர்த் என்னும் ஆங்கிலேயர் அங்கு ஒரு தையலகம் திறந்தார். தாம் தைத்த உடைகளில் தம் பெயரையே பொறித்து விற்றார். அன்று தொடங்கிய வழக்கம், இன்று உலகமெங்கும் சட்டையின் கழுத்துப் பட்டியில் யாரோ ஒருவருடைய பெயரை நாம் சுமந்து திரிவதில் வந்து நிற்கிறது. ஆகவே வீதியெங்கும் பட்டும் பகட்டும் காண்பேன் என்று எதிர்பார்த்தேன். கண்டதோ வேறு. பெரும்பாலோர் கறுப்பும் சாம்பலுமாக எளிய உடையே தரித்திருந்தனர். என் பெறாமகளும் கறுப்புக் காற்சட்டையும் வெள்ளைச் சேட்டும் அணிந்திருந்தாள்.

"உன்ரை அப்பாச்சி கண்டிருந்தால் இந்தக் களிசானுக்கு என்ன சொல்லியிருப்பா?" என்று சீண்டினேன்.

அவள் சிரித்துவிட்டு ஒரு கதை சொன்னாள். 1800ஆம் ஆண்டில் பாரிஸ் பொலிஸ் தலைமையகம் ஒரு கட்டளை பிறப்பித்தது. ஆணுடை தரிக்க விரும்பும் பெண், முதலில் பொலிஸாரிடம் அனுமதி பெறவேண்டும். பின்னர் 1892, 1909 ஆகிய ஆண்டுகளில், சைக்கிளின் கைபிடியையோ குதிரையின் கடிவாளத்தையோ பிடித்திருக்கும் பெண்ணுக்கு மாத்திரம் விலக்கு அளிக்கப்பட்டது. 1966இல் ஈவ் சென் லோரன் என்னும் உடை வல்லுநர் பெண்களுக்கென்றே ஆண்பாணி இரவுவிருந்து உடையைத் தைத்து உலகப் புகழ் பெற்றார். அப்போதும் அக்கட்டளை ஏட்டில் உறங்கிக் கிடந்தது. அது செல்லுபடியாகாது என்று அரசாங்கம் தெளிவுபடுத்தியது 2013ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 31ஆம் திகதியில்தான்.

"மோஸ்தர் எண்டு எல்லாரும் லேசாய்ச் சொல்லுறவை, சித்தப்பா. ஆனால் சில மோஸ்தருக்கு இருநூறு வருசம் போராட வேண்டியிருக்கு" என்றாள்.

பாதாள ரயிலில் ஏறி அபெஸ் நிலையத்தில் இறங்கினோம். நிலமட்டத்திலிருந்து 36 மீற்றர் ஆழத்தில் இருக்கும் அந்நிலையம், பாரிஸில் மிக ஆழமானது. மின்தூக்கியை விட்டுச் சுழல்படியாலேயே ஏறுவோம் என்றாள். என் முழங்கால் முறையிட்டது, கண்களோ மகிழ்ந்தன. படிகளைச் சூழ்ந்த சுவரெங்கும் ஓவியங்கள். மூச்சு வாங்க நின்ற இடமெல்லாம் ஒரு காட்சி.

பாரிஸின் சுவர்கள் ஒரு தனிப் புத்தகம். பழைய கட்டடங்களில் "விளம்பரம் ஒட்டாதீர், 1881ஆம் ஆண்டு ஜூலை 29ஆம் திகதிச் சட்டம்" என்று எழுதப்பட்டிருப்பதை அடிக்கடி காணலாம். வேடிக்கை என்னவென்றால், அதே சட்டம்தான் பிரெஞ்சு மக்களுக்குப் பத்திரிகைச் சுதந்திரத்தை வழங்கிய சட்டமும் ஆகும். தாளில் எழுது, சுவரில் ஒட்டாதே என்பது அதன் சாரம் போலும்! ஆயினும் சுவரில் எழுதுவோரை எந்தச் சட்டமும் தடுத்ததில்லை.

முதல் நாள் மாலையில், 13ஆம் வட்டாரத்திலுள்ள பியூட் ஓ கை என்னும் மேட்டுப் பகுதியில், மிஸ் டிக் என்ற புனைபெயர் பூண்ட பெண் ஓவியரின் சித்திரங்களைக் கண்டிருந்தோம். தடித்த தாளில் உருவத்தை வெட்டியெடுத்து, அதைச் சுவரில் வைத்து, மேலே வர்ணம் விசிறி, கருங்கூந்தல் மாதர்களைப் படைத்தவர் அவர். ஒவ்வொரு மாதின் பக்கத்திலும் காதலைப் பற்றியோ சுதந்திரத்தைப் பற்றியோ குறும்பான ஒரு வரி இருக்கும். 1985இல் தொடங்கிய அவர், பிறர் சுவரைச் சேதப்படுத்தினார் என்று பின்னர் வழக்குக்கு ஆளாகி அபராதமும் செலுத்தினார். அதன்பின் சுவரின் சொந்தக்காரரிடம் அனுமதி கேட்டே வரையத் தலைப்பட்டார். குற்றவாளியாக நின்ற அதே பெண்ணின் ஓவியங்களை 2011ஆம் ஆண்டு பிரெஞ்சு அஞ்சல் திணைக்களம் முத்திரைகளில் வெளியிட்டது! 2022இல் அவர் காலமானார். வெயிலும் மழையும் பட்டு அவருடைய மாதர் சிலர் வெளிறிப் போயினர்.

நம் நாட்டிலும் 2019ஆம் ஆண்டின் இறுதியில் இளைஞர்கள் தூரிகையோடு வீதிக்கு வந்து ஊர் ஊராய்ச் சுவர்களை நிறைத்தார்கள் அல்லவா? அவற்றுட் பல இன்று பாசியும் வெடிப்புமாய் நிற்கின்றன. சுவரில் எழுதினால் மட்டும் போதாது. திரும்பத் திரும்ப வர்ணம் பூசவும் ஓர் ஆள் வேண்டும்.

அபெஸ் நிலையத்தின் வாசலிலேயே ஒரு சிறு பூங்கா. அதனுள் 40 சதுர மீற்றர் பரப்புடைய கருநீலச் சுவர் ஒன்று நிற்கிறது. "நான் உன்னைக் காதலிக்கிறேன்" என்னும் ஒரே வாக்கியம், 250 மொழிகளில், 311 தடவைகள் அதில் வெள்ளெழுத்தில் வரையப்பட்டிருக்கிறது. ஃபிரெடெரிக் பரோன் என்பவர் அயலவரிடமும் அந்நியரிடமும் கேட்டுச் சேகரித்த கையெழுத்துக்கள் அவை. கிளேர் கீற்றோ என்னும் கலைஞரின் துணையோடு, 2000ஆம் ஆண்டில், 612 ஓடுகளில் அவை சுவரேறின. ஒவ்வோர் ஓடும் நாம் எழுதும் சாதாரண கடதாசித் தாளின் அளவே. இடையிடையே தெறித்துக் கிடக்கும் சிவப்புத் துண்டுகள், உடைந்த இதயத்தின் சிதறல்களாம்.

தமிழாசிரியனுக்கு வேறென்ன வேலை? மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நம் எழுத்தைத் தேடத் தொடங்கினேன். இரண்டு வரிசை தேடி முடிக்குமுன் மகள் குறுக்கிட்டாள்.

"சித்தப்பா, நீங்கள் சித்திக்கு இந்த வசனத்தை எப்பவாவது சொன்னனீங்களோ?"

நான் திகைத்துப் போனேன். முப்பத்தெட்டு வருஷ இல்வாழ்க்கையில் நான் அதைச் சொன்னதுமில்லை. காலஞ்சென்ற என் மனைவி கேட்டதுமில்லை. ஆனால் அக்கணத்தில் என் கை தானாகவே என் சேட்டின் கழுத்துப் பட்டியைத் தடவியது.

1990களில் யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடை நிலவிய காலம். துணி அருமை, சவர்க்காரம் அதைவிட அருமை. பாடசாலைக்கு நான் அணிந்து சென்றவை மூன்றே மூன்று சேட்டுகள். கழுத்துப் பட்டி தேய்ந்து நூல் பிரிந்ததும், அவள் இரவில் குப்பி விளக்கடியில் அமர்ந்து, தையலைப் பிரித்து, பட்டியை மறுபுறம் திருப்பித் தைத்துவிடுவாள். காலையில் நான் புதுச் சேட்டு அணிந்தவன் போல வகுப்புக்குப் போவேன். எந்த மாணவனும் அதைக் கண்டுபிடித்ததில்லை. ஒரு பட்டியை ஒரு தடவைதான் திருப்பலாம். அதன்பின் வேறு துணி தேடவேண்டும். அவள் தன் பழைய சேலையின் உள்மடிப்பையும் வெட்டியிருக்கிறாள் என்பது எனக்குப் பல வருஷம் கழித்தே தெரிந்தது.

இதனை மகளிடம் சொன்னேன். அவள் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "வாங்கோ, பக்கத்திலை ஒரு வீதி காட்டுறன்" என்று ரூ லெப்பிக் என்னும் மேட்டு வீதிக்குக் கூட்டிச் சென்றாள். 1947ஆம் ஆண்டு கிறிஸ்தியன் டியோர் என்னும் உடை வல்லுநர், இடை சிறுத்து, பாவாடை பெருத்து, கஜக்கணக்கில் துணி விழுங்கும் புது மோஸ்தரை வெளியிட்டார். உலகம் வியந்தது. ஆனால் யுத்தகாலத்துத் துணிப் பஞ்சம் தீராத நாட்கள் அவை. அவ்வுடை தரித்துப் புகைப்படம் எடுக்க வந்த பெண்களை இவ்வீதியின் சந்தைப் பெண்கள் சூழ்ந்துகொண்டு, உடையைப் பற்றிக் கிழித்தார்களாம். அந்தப் பெண்களின் கோபம் எனக்குப் புரிந்தது. அவர்களுடைய வீடுகளிலும் கழுத்துப் பட்டிகள் திரும்பியிருக்கும்.

பிற்பகலில் சேன் நதிக்கரையை அடைந்தோம். கலைகளின் பாலம் என்று பொருள்படும் போன் தே ஸார், கால்நடையாகச் செல்வோருக்கு மட்டுமே உரியது. 2008ஆம் ஆண்டளவில் அங்கே ஒரு புது வழக்கம் பரவியது. காதலர் தம் பெயரைப் பூட்டொன்றில் பொறித்து, பாலத்தின் கம்பி வேலியிற் பூட்டி, திறப்பை ஆற்றில் எறிந்தார்கள். பூட்டின்மேற் பூட்டு ஏறியது. 2014ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் வேலியின் ஒரு பகுதி பாரம் தாங்காமல் சரிந்து விழுந்தது. மறு ஆண்டு ஜூன் மாதத்தில் நகரசபை பூட்டுகளை அகற்றத் தொடங்கியது. அவற்றின் எடை ஏறத்தாழ 45 தொன். இப்போது அங்கே கண்ணாடித் தடுப்புகளே உள்ளன.

"நாங்கள் பூட்டுப் போடேல்லை" என்றாள் மகள், ஆற்றைப் பார்த்தபடியே.

"ஏன்?"

"பூட்டின பிறகு என்ன செய்யிறது, சித்தப்பா? திறப்பை எறிஞ்சுபோட்டு வீட்டை போறதுதானே."

அந்தப் பூட்டுகளில் ஒரு பகுதி 2017ஆம் ஆண்டில் ஏலம் விடப்பட்டது என்றும், அப்பணம் அகதிகளுக்கு உதவும் அமைப்புகளுக்கு வழங்கப்பட்டது என்றும் அவள் கூறினாள். என் மனம் தமையனாரிடம் சென்றது. ஒரு காலத்தில் இந்நகருக்கு அவரும் வெறுங்கையோடு வந்த அகதி.

"அவர் என்ன செய்கிறார்?" என்று கேட்டேன். அதுவரை அந்த இளைஞனைப் பற்றி நான் ஒரு சொல்லும் கேட்கவில்லை.

"சனிக்கிழமையிலை அப்பாவோடை லா சப்பலுக்குப் போவார். அப்பாவுக்கு நாரி ஏலாதெல்லே? அரிசிப் பையை அவர்தான் தூக்கிறது. மூண்டாம் மாடிவரை கொண்டந்து வைச்சிட்டு, சத்தமில்லாமல் இறங்கிப் போயிடுவார். ரண்டு வருசமாய் இதுதான். போற வழியிலை அப்பா கடைப் பலகையளை வாசிக்கச் சொல்லிக் குடுக்கிறார். 'ழ'தான் இன்னும் வரேல்லை."

தமையனார் ஏன் வாய் திறக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு விளங்கிற்று.

திரும்பி வந்து மாடி ஏறினோம். மூன்றாம் மாடித் திருப்பத்தில் 20 கிலோ அரிசிப் பை ஒன்று சுவரோடு சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அதன்மேல் ஒரு கட்டு முருங்கைக்காய். தமையனார் மேலே போய் மூச்சு வாங்கிக் கொண்டிருந்தார்.

அண்ணி ஆவலோடு என் முகத்தைப் பார்த்தார். "என்ன தம்பி, கதைச்சனீங்களோ?"

"கதைச்சனான். அண்ணி, அண்ணைக்கு நாரிப்பிடிப்பு. இந்த ரண்டு வருசமாய் அரிசிப் பை நாலு மாடி ஏறினது எப்பிடி?" என்றேன்.

அண்ணி கணவரைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், படிக்கட்டை எட்டிப் பார்த்தார். யாரும் ஒன்றும் பேசவில்லை. குசினிக்குள் போனவர், கேத்திலை அடுப்பில் வைத்துவிட்டு அங்கேயே நின்றார். சற்று நேரத்தில் அவர் குரல் மட்டும் வந்தது:

"ரண்டு வருசம் சாமான் சுமந்த பிள்ளைக்கு ஒரு வாய் தேத்தண்ணி குடுக்கேல்லையே!"

அடுத்த சனிக்கிழமை அந்த வீட்டு மேசையில் ஐந்து கோப்பைகள் வைக்கப்பட்டிருந்தன.