டெல்ஃப்ட்டில் ஒரு வீடு

5 செப்டம்பர் 2022, திங்கள்

மதியம் சரியாகப் பன்னிரண்டு மணிக்கு ஊர் முழுக்க அபாயச் சங்கு அலறியது. எழுந்து வாசலுக்கு ஓடினேன். நாகப்பட்டினத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்தச் சத்தம் முதலில் வயிற்றில்தான் கேட்கும். வீட்டுக்கார அம்மா அசையாமல் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். மாதத்தின் முதல் திங்கட்கிழமை, பன்னிரண்டு மணிக்கு, நெதர்லாந்து முழுக்கச் சங்கை ஊதிச் சோதித்துப் பார்ப்பார்களாம். "உட்கார், முதலில் சாப்பிடு" என்றார்.

அறை கிடைக்காமல் அல்லாடும் மாணவர்கள் இங்கே ஏராளம். எனக்குக் கிடைத்தது இந்த வீட்டின் மாடி அறை. படி அவ்வளவு செங்குத்து, கைப்பிடியை விட்டால் ஏற முடியாது. வீட்டில் அவரும் கணவரும் பதினான்கு வயது மகனும். பெரியவர்களையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டுமாம். எனக்கு இன்னும் வாய் வரவில்லை.

25 செப்டம்பர், ஞாயிறு

சூடான சாப்பாடு ஒரு வேளைதான். மாலை ஆறு மணிக்கு. காலையும் மதியமும் ரொட்டி. பையன் அதன்மேல் சாக்லேட் துருவலை மழையாகக் கொட்டிக்கொள்கிறான். கேஸ் விலை ஏறிப்போனதால் இந்தக் குளிர்காலத்தில் வீட்டுச் சூடு 19 டிகிரியைத் தாண்டாது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். கூடவே ஒரு கம்பளிப் போர்வையும் வந்தது. எதையும் மனதில் வைத்துக்கொண்டு பேசாமல் இருப்பதில்லை. எனக்கு இது பிடித்திருக்கிறது. சோற்றுக்கு இன்று நான் சாம்பார் வைத்தேன். மூவரும் மூச்சுவிடாமல் சாப்பிட்டார்கள்.

கழிவறைச் சுவரில் ஒரு நாட்காட்டி தொங்குகிறது. கிழமை கிடையாது, வருடம் கிடையாது, பிறந்தநாள்கள் மட்டும். ஏறக்குறைய எல்லா வீட்டிலும் இது அங்கேதான் இருக்குமாம். தினமும் எல்லார் கண்ணிலும் படுகிற இடம். என் பிறந்தநாளும் அதில் ஏறிவிட்டது.

16 அக்டோபர், ஞாயிறு

ஓமாவுக்கு 78. வீட்டுக்கார அம்மாவின் தாயார். பாட்டியை இங்கே ஓமா என்கிறார்கள். சீலாந்து மாநிலத்தின் சீரிக்சேயிலிருந்து வந்திருந்தார். நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். வருகிறவர் ஓமாவுக்கு மட்டுமல்ல, மகளுக்கு, மருமகனுக்கு, பேரனுக்கு என்று ஒவ்வொருவராகக் கை கொடுத்து வாழ்த்துகிறார். எனக்கும் வாழ்த்து வந்தது.

நாட்காட்டியில் ஜூன் மாதத்தில் ஒரு பெயருக்குப் பக்கத்தில் சின்னச் சிலுவைக்குறி. யாரென்று ஓமாவிடம் கேட்டேன். "என் தம்பி. தண்ணீர் கொண்டுபோனது" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

5 டிசம்பர், திங்கள்

சின்டர்கிளாஸ் இரவு. பரிசோடு ஒரு பாட்டும் எழுதித் தர வேண்டும். பையன் எனக்கு எழுதியதில் சாம்பாரும் சைக்கிளும் வந்தன. மடித்துப் பெட்டியில் வைத்திருக்கிறேன்.

26 டிசம்பர், திங்கள்

இங்கே இரண்டாம் கிறிஸ்துமஸ் நாள். மேசை நடுவில் மின்சாரத் தட்டு. அவரவர் கறியை, காளானை அவரவரே சுட்டுத் தின்ன வேண்டும். இரண்டு மூன்று மணி நேரம் ஓடுகிறது. நான் பேசாமல் இருப்பதை ஓமாதான் கவனித்தார். இன்று என்ன நாள் என்று சொன்னேன். 2004 சுனாமி. எங்கள் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். எனக்கு ஆறு வயது. என் அத்தை கடற்கரைக்கு மீன் வாங்கப் போயிருந்தார்.

யாரும் ஆறுதல் சொல்லவில்லை. ஓமா தன் கதையைச் சொன்னார். 1953 ஜனவரி 31, சனிக்கிழமை இரவு. வடமேற்குப் புயல், பௌர்ணமி ஓதம். அந்தக் காலத்தில் இரவில் வானொலி கிடையாது. யாருக்கும் சேதி போகவில்லை. விடிவதற்குள் கரைகள் உடைந்தன. அப்பா அம்மாவோடு பரணில் ஏறினார்கள். தண்ணீர் கொஞ்சம் வடிந்தது, பிழைத்தோம் என்று நினைத்தார்கள். ஞாயிறு பிற்பகல் இரண்டாவது ஓதம் இன்னும் உயரமாக வந்தது. பக்கச்சுவர் போனது. தம்பிக்கு நான்கு வயது.

பிறகு அத்தையின் பிறந்தநாள் எப்போது என்று கேட்டார். ஆகஸ்ட் 9 என்றேன். எழுந்து போய் நாட்காட்டியில் எழுதி, பக்கத்தில் சிலுவைக்குப் பதிலாக என்ன போடுவது என்று கேட்டார். ஒரு விளக்கு வரைந்தேன்.

29 ஜனவரி 2023, ஞாயிறு

காரில் அவ்வெர்கெர்க் ஊருக்குப் போனோம். கடைசி உடைப்பை 1953 நவம்பரில் அடைக்க இறக்கிய நான்கு ராட்சதக் கான்கிரீட் பெட்டிகள்தான் இன்று வெள்ள அருங்காட்சியகம். நெதர்லாந்தில் இறந்தவர்கள் 1,836 பேர். உள்ளே நினைவிடத்தில் அதை 1835+1 என்று எழுதியிருக்கிறார்கள். அந்த ஒன்று, அன்றிரவு பிறந்து, பதிவேட்டில் பெயர் ஏறும் முன்பே போன குழந்தை. ஓமா தம்பியின் பெயர் வரும்வரை நின்றார். நாங்களும் நின்றோம்.

அந்த வெள்ளத்துக்குப் பிறகுதான் கடலைத் தடுக்கும் டெல்டா திட்டம் வந்தது. அதில் ஒன்றான கிழக்கு ஸ்கெல்ட் தடுப்பணையை 1986இல் திறந்தார்கள். வகுப்பில் அதன் வரைபடத்தை எத்தனையோ முறை படித்திருக்கிறேன். இன்றுதான் அதை யாருக்காகக் கட்டினார்கள் என்று தெரிந்தது.

15 மார்ச், புதன்

நீர் வாரியத் தேர்தல். ஏரி, கால்வாய், கரை, பம்பு எல்லாவற்றையும் பார்க்கிற வாரியங்கள், 13ஆம் நூற்றாண்டிலிருந்தே இருக்கின்றன. தனி வரி வாங்குகின்றன. வீட்டுக்கு வந்த ரசீதை வீட்டுக்கார அய்யா முணுமுணுக்காமல் கட்டினார். ஓட்டுப் போடுவதற்கான அழைப்புச் சீட்டு எனக்கும் தபாலில் வந்தபோது நம்பவில்லை. வெளிநாட்டவராக இருந்தாலும் 18 வயதாகி, முறையான அனுமதியோடு அந்த வாரிய எல்லைக்குள் குடியிருந்தால் ஓட்டு உண்டு. சிவப்புப் பென்சிலால் ஒரு வட்டத்தை நிரப்பினேன். டெல்ஃப்லாந்து வாரியத்துக்கு இனி என் பொறுப்பும் கொஞ்சம் உண்டு.

கரை யாருடையது, மதகு யார் கையில், எந்த வாய்க்காலை எந்த வருடம் தூர்வார வேண்டும் என்பதற்கு மக்கள் நேரே ஓட்டுப் போட வேண்டும். காவிரி கடலில் கலக்கும் எங்கள் மாவட்டங்களுக்கு இதைக் கேட்டு வாங்கியே ஆக வேண்டும். ஊருக்குப் போனதும் நான் செய்யப்போகிற வேலை அதுதான்.